‘சா’ என்று நிறுத்தினான்

அந்த நாடகத்தில் யாரும் யாரையும் காதலிப்பதாகச் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், எழுபத்தெட்டாம் வருஷம் திருவள்ளூரில் எம்பார் வீட்டுக் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நடந்த வாக்குவாதம் முழுவதும் இதைப் பற்றித்தான்.

நாடகத்தின் பெயர் ‘மூன்றாம் மாடி’. சென்னையிலிருந்து வாரம் ஒரு பகுதியாக டெலிவிஷனில் வந்தது. ஓர் அலுவலகம். அதில் ரங்கநாதன் என்று ஒரு கணக்கர், ஐயங்கார்ப் பையன். தனம் என்று ஒரு டைப்பிஸ்ட், வேறு ஜாதிப் பெண். இவன் காகிதத்தைக் கொடுப்பான், அவள் வாங்கிக்கொள்வாள். மின்விசிறி ஓடவில்லை என்று ஒருவர் சொன்னால் மற்றவர் ஆமாம் என்பார். வாரக்கணக்கில் இவ்வளவுதான் கதை.

எம்பார், கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை சமைக்கிறவர். டெலிவிஷன் பெட்டி இருக்கும் பக்கமே திரும்பமாட்டார். பெட்டியை வாங்கிப்போட்டவன் மூத்தபிள்ளை ஸம்பத்குமார், வங்கியில் வேலை பார்ப்பவன். பார்ப்பவர்களில் முக்கியமானவள் எம்பாரின் மனைவி கோமளவல்லி. அவள் பார்ப்பது என்பது சாதாரணப் பார்வை இல்லை. தனம் எந்தக் கையால் காகிதத்தை வாங்கினாள், ரங்கநாதன் நாற்காலியைத் தள்ளும்போது சத்தம் வந்ததா வரவில்லையா என்றெல்லாம் மனத்தில் குறித்துக்கொண்டே வருவாள். நாடகம் முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள்.

“ரெண்டு பேருக்குள்ளேயும் இருக்கு” என்பாள்.

“ஒண்ணும் கிடையாது. கூட வேலை பாக்கறவா” என்பான் ஸம்பத்து.

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவனுடைய தங்கை அரவிந்தவல்லியும் டைப்பிஸ்ட்தான். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் காலையில் கம்பெனி பஸ் ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடும். அம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவளை அங்கே சேர்த்துவிட்டவன் ஸம்பத்து. ஒரே அலுவலகத்தில் ஆணும் பெண்ணும் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்பது அவன் அன்றைக்குக் கொடுத்த வாக்கு. அதனால் நாடகத்திலும் ஒன்றும் ஆகக்கூடாது.

இதற்கு நடுவில் காஞ்சீபுரத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அரவிந்தவல்லி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுவே கோமளவல்லிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. சாதாரணமாக ஒரு புடவைக்கே மூன்று நாள் பேசுகிற பெண்.

ஒரு வெள்ளிக்கிழமை நாடகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தனம் டப்பாவைத் திறந்துகொண்டே பக்கத்து மேஜைப் பெண்ணிடம் சொன்னாள்: “இன்னிக்கு சாத்தமுது கொஞ்சம் காரம்.”

கோமளவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கேட்டேளா?”

“இன்னா மாமி? இன்னா சொன்னா அவ?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டுச் சந்திரகலா. பள்ளிக்கூட டீச்சர். வாரம் தவறாமல் நாடகம் பார்க்க வருபவள்.

“சாத்தமுதுன்னா. நீங்கள்ளாம் ரசம்னு சொல்றேளே, அது. எங்களவா தவிர வேறே யாரும் அப்படிச் சொல்லமாட்டா. இந்தத் தனத்துக்கு அந்த வார்த்தை எங்கேந்து வந்துது?”

“அம்மா, அந்த நடிகை நம்மவாளா இருப்பா. வாய் தவறிடுத்து” என்றான் ஸம்பத்து.

“போன மாசம் இதே பொண்ணு கான்டீன்லே ரசம்னு சொன்னா. அப்போ தவறலையா வாய்? இது யாரோ வேணும்னு எழுதினது. அவன் டப்பாலேந்து இவ சாப்பிடறா. சாப்பிட்டுச் சாப்பிட்டு அவன் வார்த்தை இவ வாயிலே ஒட்டிண்டுடுத்து. காதல்னு ஒரு வார்த்தை பேசாமலே சொல்லிட்டான் பாரு, எழுதினவன்.”

“அடேங்கப்பா! மாமி போலீஸ்ல இருக்கவேண்டியவங்க” என்று சந்திரகலா சிரித்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அரவிந்தவல்லி சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்து உள்ளே போனாள். கோமளவல்லியின் கண் பெட்டியை விட்டுப் பெண்ணின் பின்னாலேயே போயிற்று.

அன்றிலிருந்து அவள் வீட்டில் கேட்கத் தொடங்கினாள். பார்ப்பது மட்டும் இல்லை, காதுகொடுத்துக் கேட்பதும். அரவிந்தவல்லியின் டப்பா இப்போதெல்லாம் துடைத்தாற்போல் காலியாக வருகிறது; முன்பு பாதி மிஞ்சும். சாத்தமுதுக்கென்று தனியாக ஒரு மூடி போட்ட தூக்கு கேட்டு வாங்கியிருக்கிறாள். ஒரு நாள் பஸ் தாமதமாக வந்தபோது “ஒரே பேஜாரு” என்றாள். வேலைக்குப் போகிற இடத்தில் நாலு பேர் பேசுவதுதான், அதை விட்டுவிடலாம். ஆனால் ஒரு பெயரும் அடிக்கடி வந்தது. குப்புராஜ். கம்பெனியில் எலக்ட்ரீஷியன். கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிராமம், நெல் விவசாயக் குடும்பம். “குப்புராஜ் சொன்னார், மழை வருமாம்.” “குப்புராஜ் சொன்னார், பஸ் ரிப்பேராம்.”

மழைக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் என்ன சம்பந்தம் என்று கோமளவல்லி யோசித்தாள்.

ஒரு நாள் காற்றில் மொட்டைமாடி ஆன்டெனா திரும்பிக்கொண்டு படத்தில் புள்ளி புள்ளியாக விழத் தொடங்கியது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: “உங்க ஆபீஸ்லே அந்தக் குப்புராஜ் இருக்கானே, அவனை வரச் சொல்லேன். ஆன்டெனாவைப் பாக்கட்டும்.”

அரவிந்தவல்லி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். “எதுக்கும்மா? திருவள்ளூர்லே ஆள் இல்லையா?”

“தெரிஞ்சவனா இருந்தா நன்னா பாப்பான்.”

“எங்களுக்குத் தெரிஞ்சவர்தான். உனக்குத் தெரிஞ்சவர் இல்லையே.”

“அதுக்குத்தான் வரச் சொல்றேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸம்பத்து ஒன்றும் புரியாமல், “நல்ல யோசனைதான்” என்றான்.

அவர்கள் கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. தொழிற்பேட்டையில் எல்லா ஆலைகளும் ஒரே நாளில் மூடாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் குப்புராஜ் வந்தான். சந்தன நிறச் சட்டை, எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிட்டால்தான் உள்ளே வருவேன் என்பதுபோல் நின்றான். அரவிந்தவல்லியைப் பார்த்து, “வணக்கம் மேடம்” என்றான்.

மேடம். கோமளவல்லி அதையும் மனத்தில் வைத்துக்கொண்டாள். தினமும் பார்க்கிறவளை அவள் வீட்டில் பார்த்ததும் இத்தனை மரியாதை எதற்கு?

ஒளிபரப்பு தொடங்கினால்தான் படம் சரியா என்று பார்க்க முடியும். அதுவரை அவன் மேலே கம்பியை இறுக்கினான், ஒயரை மாற்றினான். படம் வந்ததும் மாடியிலிருந்து குரல் கொடுத்தான்: “இப்ப இன்னா சார், தெளிவா கீதா?”

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!” என்று ஸம்பத்து கத்தினான்.

“உங்க இடதா, என் இடதா சார்?”

அரவிந்தவல்லி சிரித்துவிட்டாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அவன் இறங்கி வந்ததும் கோமளவல்லி, “சாப்பிட்டுட்டுப் போ” என்றாள். ஸம்பத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வெளியாட்களுக்கு வாசலில் காபியோடு நிறுத்திக்கொள்கிறவள் அம்மா.

“வேணாங்கம்மா. ஊட்ல எதிர்பாத்துக்கினு இருப்பாங்க.”

“பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. உக்காரு.”

கூடத்து ஓரத்தில் இலை போட்டாள். அவளே பரிமாறினாள். அரவிந்தவல்லியை உள்ளே இருக்கச் சொன்னாள். அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பது புடவைத் தலைப்பில் தெரிந்தது.

கோமளவல்லி திட்டமாகவே செய்தாள். குழம்பைக் கொண்டுவந்தாள், விட்டாள். கறியைக் கொண்டுவந்தாள், போட்டாள். சாத்தமுது இருந்த ஈயச்சொம்பை மட்டும் வெளியே கொண்டுவரவில்லை, மூடி வைத்திருந்தாள். குழம்பு சாதம் முடிந்ததும் இரண்டாம் தடவை சாதத்தைப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு அவன் எதிரில் நின்றாள்.

“இதுக்கு என்ன விடட்டும்?”

கேள்வி சாதாரணக் கேள்விதான். உலகத்தில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று இருந்தது. ரசம். அவன் அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாமே முடிந்திருக்கும். கோமளவல்லியும் தன்னைத் தானே திட்டிக்கொண்டு அவனுக்கு இன்னொரு கரண்டி விட்டிருப்பாள்.

குப்புராஜ் நிமிர்ந்தான். “சா…” என்றான்.

நிறுத்தினான்.

கதவுக்குப் பின்னால் தலைப்பு அசைந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தான். அவன் காது சிவந்தது கூடத்து விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது.

“மோரே ஊத்துங்கம்மா. போதும்” என்றான்.

கோமளவல்லி உள்ளே போய் மோரைக் கொண்டுவந்து விட்டாள். அவன் வேகமாகச் சாப்பிட்டு, இலையைத் தானே எடுத்துக்கொண்டுபோய்ப் போட்டு, கை கழுவி, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். போகும்போது மேடத்திடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வாசல் கதவு சாத்தியதும் அவள் பிள்ளையிடம் வந்தாள். “கேட்டியாடா?”

“கேட்டேன்.”

“சா-ன்னான்.”

“சாருன்னு சொல்ல வந்திருக்கான் அம்மா. அவா பாதித் தெலுங்கு. அப்பாவை நைனான்னு கூப்பிடறவா. அந்தப் பக்கத்திலேந்து எங்க பேங்குக்கு வரவா எல்லாரும் ரசத்தைச் சாருன்னுதான் சொல்லுவா. பிராமணா ஆத்துலே அப்படிச் சொல்லக் கூச்சப்பட்டு முழுங்கிட்டான்.”

“கூச்சப்பட்டவன் ரசம்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே? அந்த வார்த்தை அவனுக்குத் தெரியாதா? வாய்க்குள்ளே வேறே ஒரு வார்த்தை வந்து நின்னுடுத்துடா. சாத்தமுதுன்னு வந்துது. பயந்து போய் மோருக்குத் தாவிட்டான்.”

அந்த மோர் ஸம்பத்தையும் உறுத்தியது.

“சரி. அவளையே கேளு” என்றான் கடைசியில், தாழ்ந்த குரலில். “சாருன்னா, இனிமே இந்தப் பேச்சை நீ எடுக்கக்கூடாது. சாத்தமுதுன்னா, நாளையோட அவ வேலைக்கு முழுக்கு. ராஜினாமாவை நானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கறேன். காஞ்சீபுரத்துக்காராளை நாளன்னிக்கே வரச் சொல்லிடறேன்.”

அதற்குள் சந்திரகலா நாடகத்துக்கு வந்துவிட்டாள். “அய், படம் கண்ணாடி மாதிரி கீதே! ஆரு செஞ்சது?”

ஸம்பத்து சத்தத்தைக் கூட்டினான். கோமளவல்லி உள்ளே போனாள்.

அரவிந்தவல்லி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவன் என்ன சொல்ல வந்தான்?”

“யாரு?”

“நீ கதவுக்குப் பின்னாலேதான் நின்னே. சா-ன்னு நிறுத்தினானே, அவன்.”

“சாருன்னுதாம்மா.” துணி நின்றது. ஆனால் அவள் பேச்சு நிற்கவில்லை, வேகமாக வந்தது. “நீ என்னென்னவோ நினைச்சுண்டிருக்கே. அவங்க ஊட்டுல சாருன்னுதான் சொல்லுவாங்க. நம்பளது மாதிரிப் பருப்பெல்லாம் கிடையாது, வெறும் புளித்தண்ணி, மிளகு, மேலே பூண்டைத் தட்டிப் போட்டு…”

அவளும் நிறுத்தினாள்.

கூடத்தில் தட்டச்சு யந்திரம் தட்டும் சத்தம் கேட்டது. நாடகம் தொடங்கிவிட்டது.

ஊட்டுல. சொல்லுவாங்க. பூண்டு. கோமளவல்லிக்கு இதில் ஏதாவது ஒன்றே போதும். எம்பார் வீட்டுக்குள் அன்றுவரை பூண்டு வந்ததில்லை. அது சாருவில் எப்போது விழும் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

“பூண்டு நன்னா இருந்துதா?” என்று கேட்டாள்.

அரவிந்தவல்லி துணியை மடித்தாள், பிரித்தாள்.

“எத்தனை தடவை போனே?”

“ஒரு தடவைதாம்மா. அவங்க… அவா ஊர்லே திருவிழான்னு ஆபீஸ்லே எல்லாரும்தான் போனோம். பந்தியிலே உக்காந்து சாப்பிட்டோம், வந்தோம்.”

“பந்தியிலே உக்காந்தவளுக்கு இலைக்கு வந்ததுதான் தெரியும். பூண்டைத் தட்டினது எப்படித் தெரிஞ்சுது?”

அரவிந்தவல்லி துணியை மேடைமேல் வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள். இத்தனை நாள் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த முகம் அல்ல அது.

“நான்தான் தட்டிக் கொடுத்தேன்” என்றாள். “அவா அம்மாவுக்குக் கை வலி. அடுப்படிலே கூட நின்னேன். அவருக்குச் சாத்தமுதுன்னு சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ரெண்டுமே அவருக்கு வரும். எதைச் சொல்ல வந்தார்னு எனக்கே தெரியாதும்மா.”

“அம்மா!” கூடத்திலிருந்து ஸம்பத்து கூப்பிட்டான். “என்னது? சாருவா, அதுவா?”

“இன்னா சார் சாரு?” என்று சந்திரகலா கேட்பதும் கேட்டது.

ஒரு வார்த்தை. அதில் அரவிந்தவல்லியின் பஸ்ஸும் வேலையும் கும்மிடிப்பூண்டியும் இருந்தன.

கோமளவல்லி தான் பிடித்ததைப் பற்றிச் சந்தோஷப்பட முயன்று பார்த்தாள். முடியவில்லை. அவளுக்குக் காஞ்சீபுரத்து மாமிதான் நினைவுக்கு வந்தாள். முன்பின் பார்த்திராத அந்தப் பிள்ளையின் தாயார், கல்யாணம் ஆன ஒரு மாதத்தில், இந்தப் பெண் அடுப்படியில் ‘ஊட்டுல’ என்று சொல்வதைக் கேட்பாள். நிமிர்ந்து உட்காருவாள். தட்டைப் பார்ப்பாள், டப்பாவைப் பார்ப்பாள், தண்ணீர் குடிக்க எழுந்து போனால் பின்னாலேயே பார்ப்பாள். ஒரு பெண்ணின் பேச்சை அப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பது எப்படி இருக்கும் என்று கோமளவல்லியைவிட யாருக்குத் தெரியும்? தாயாருக்கே இவ்வளவு காது என்றால், மாமியாருக்கு?

“சாரு!” என்று கூடத்துக்குக் குரல் கொடுத்தாள்.

“நான் சொன்னேனோன்னோ!” என்றான் ஸம்பத்து.

அரவிந்தவல்லிக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள். “ஏன் அப்படிச் சொன்னே?”

“பொய்யா சொன்னேன்? அவா ஆத்துலே சாருதான்னு நீதானே சொன்னே. இது உன்னைக் காப்பாத்தறதுக்குன்னு நினைச்சுக்காதே. மாசக் கடைசியிலே ஒரு குடும்பம் இங்கே வந்து உக்காரப்போறது. நான் பண்ணின வேலையை இன்னொருத்தி பண்ணும்படியா உன்னை அனுப்பமாட்டேன். அப்பா வந்ததும் நீயே சொல்லணும். வளைச்சு வளைச்சுப் பேசக்கூடாது. நான் சொல்லமாட்டேன்.”

“அப்பா கிட்டயா?”

“பின்னே டெலிவிஷன்காரனா வந்து சொல்லுவான்?”

கோயிலிலிருந்து எம்பார் வந்தார். கால் அலம்பிவிட்டு நடு அறையில் உட்கார்ந்து தீர்த்தம் கேட்டார். அரவிந்தவல்லி வட்டிலோடு போனாள். கொடுத்தாள். நின்றாள்.

“அப்பா, உங்க கிட்டே ஒரு விஷயம்…”

“என்ன? ஒண்ணும் கேக்கலையே.” அவருக்கு ஒரு காது மந்தம். கூடத்தில் நாடகம் உச்சத்தில் இருந்தது. தனத்துக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அவள் ரங்கநாதன் மேஜைக்கு முன்னால் போய் நிற்கிறாள்.

கோமளவல்லி கூடத்துக்குப் போய்ப் பெட்டியை அணைத்தாள்.

“ஐயோ மாமி!” சந்திரகலா துள்ளி எழுந்தாள். “இன்னா மாமி இது! அவ இன்னா சொல்லப்போறான்னே தெரியலியே!”

“அவ ஒண்ணும் சொல்லமாட்டா. நீ ஆத்துக்குப் போயிட்டு அடுத்த வாரம் வா.”

சந்திரகலா ஸம்பத்தைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், நடு அறையைப் பார்த்தாள். டீச்சர் அல்லவா, பேசாமல் கிளம்பினாள்.

வீடு அமைதியாயிற்று. அரவிந்தவல்லி சொன்னாள். குப்புராஜின் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், அவர்கள் வீட்டு அடுப்படியில் நின்றதைச் சொன்னாள். கல்யாணம் பண்ணிக்கொண்டால் அவரைத்தான் பண்ணிக்கொள்வேன் என்றாள். அப்பாவின் நல்ல காதுப் பக்கமாக நின்று, ஒவ்வொரு சொல்லும் விழும்படி சொன்னாள்.

ஸம்பத்து கூடத்திலிருந்து எழுந்து வந்திருந்தான். தங்கையிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம் திரும்பினான். “சாருன்னு சொன்னியேம்மா!”

எம்பார் வட்டிலைக் கீழே வைத்தார்.

“காஞ்சீபுரத்துக்காராளுக்கு இது தெரியுமோ?” என்று கேட்டார்.

“தெரியாதுப்பா.”

“அப்போ அவா வரவேண்டாம். ஸம்பத்து, ஒரு கார்டு எழுதிப் போட்டுடு.” பிறகு பெண்ணிடம் சொன்னார்: “இதை வெச்சுண்டு நான் உன் விஷயத்துக்குச் சம்மதிச்சதா நினைச்சுக்காதே. மடைப்பள்ளிலே கரண்டியைப் பிடிக்கறவன் நான். நாளைக்குக் கோயில்லே எனக்கு எந்த இடம்னு முதல்லே எனக்குத் தெரியணும். அதுவரைக்கும் வேலைக்குப் போ, வா. அந்த ஊருக்குப் போகாதே.”

“சரிப்பா.”

ஸம்பத்து அசையவில்லை. கோமளவல்லிதான் உள்ளே போய்ப் பேனாவையும் தபால் கார்டையும் எடுத்துக்கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் விலாசத்தை எழுதினான். க்ஷேமம் எழுதினான். நிறுத்தினான்.

“என்ன காரணம்னு எழுதறது?”

“காரணமெல்லாம் எழுதாதே” என்றாள் கோமளவல்லி. “அந்த மாமி புரிஞ்சுப்பா.”